கட்டிலின் மறுபாதி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு காதல் நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்விக்கூட மேடைகளில் காதல் நாவலுக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. அகப்பாடல் என்றால் நிமிர்ந்து உட்காருகிறோம். அதே பொருள் உரைநடையில் முந்நூறு பக்கத்துக்கு வந்தால் ரயில் பயணத்துக்கு என்று எடுத்து வைத்துவிடுகிறோம். அதிலும் இன்று நான் எடுத்துக்கொள்வது சற்றுச் சிக்கலான வகை. துணையை இழந்தவர் மீண்டும் காதல்வயப்படும் கதை.

இந்த வகைக் கதையை எழுதுகிறவருக்கு முதல் இடைஞ்சல் இறந்துபோனவர்தான். அவரை என்ன செய்வது? நல்லவராக வைத்தால் பின்னால் வருகிறவர் பூட்டாத வீட்டில் நுழைந்தவர் மாதிரி தெரிவார். கெட்டவராக வைத்தால் இழப்பு இழப்பாகவே இராது, விடுதலையாகிவிடும். பெரும்பாலான கதைகள் இந்த இரண்டாவது வழியில்தான் தப்பித்துக்கொள்கின்றன. முதல் கணவன் குடிகாரன், அல்லது முகமே நினைவில் இல்லாதவன். அவன் போனால் அழுவதற்கு ஒன்றுமில்லை. மறுபடி காதலிப்பதில் உறுத்தலும் இல்லை.

தமிழின் தொடக்ககால நாவல்களுக்கு அப்படிச் செய்ய நியாயமான காரணம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' 1903இல் நூலாக வந்தது. ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நாவல். குழந்தை மணம், புகுந்த வீட்டுக் கொடுமை, கைம்மை, மறுமணம் என்று போகும். பாரதியின் 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட நாவல். அதில் பிரசவித்துச் சாகக் கிடக்கும் கோமதி, அவ்வீட்டு இளம் விதவை விசாலாட்சியைக் கூப்பிட்டு, மறுமணம் செய்துகொள் என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். 1881இல் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்திவைத்த வீரேசலிங்கம் பந்துலுவும், 1889இல் விதவையான தம் மகளுக்கே மறுமணம் செய்துவைத்த ஜி. சுப்பிரமணிய ஐயரும் அந்த நாவலில் பாத்திரங்களாகவே நடமாடுகிறார்கள். விவரம் தெரியாத வயதில் தாலி ஏறி, விவரம் தெரிவதற்குள் தாலி இறங்கிய பெண்களின் காலம் அது. அங்கே மறுமணம் ஒரு நீதி, கிடைக்க வேண்டியது கிடைத்தாக வேண்டும். துக்கத்துக்கும் புதுக் காதலுக்கும் ஒரே நெஞ்சில் இடம் பார்த்துக் கொடுக்கும் வேலை அந்த எழுத்தாளர்களுக்கு வரவில்லை.

ஆனால் ஐம்பது வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தி, அவரோடு சண்டையும் போட்டு, அவரை மனதாரப் பிடித்தும் இருந்து, பிறகு இழந்துவிட்ட ஒருத்திக்கு மீண்டும் காதல் வந்தால்? இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்த்த நாவல் என்று நான் நினைப்பது, கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1985இல் வெளியிட்ட 'காலராக் காலத்தில் காதல்'. நோபல் பரிசு பெற்று மூன்றாண்டுகள் கழித்து அவர் எழுதி வெளியிட்டது. நம்மில் பலர் எடித் கிராஸ்மனின் 1988ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருப்போம். இந்த நாவலைக் காத்திருப்பின் காவியம் என்று கொண்டாடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காத்திருப்பு இந்த நாவலில் எதையும் சாதிக்கவில்லை என்பதுதான் என் வாதம். இழப்புக்குப் பின் வரும் காதலுக்கு இறந்தவர் தடையாக இருப்பதில்லை, இருப்பவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்குகள்தாம் தடை என்று இந்த நாவல் சொல்வதாக நான் வாசிக்கிறேன்.

கதை

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்த்தஹேனாவை நினைவூட்டும் ஒரு கரீபியக் கடற்கரை நகரம். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி. தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஏழைப் பையன் ஃப்ளொரென்டினோ அரிஸா, கோவேறு கழுதை வியாபாரியின் மகள் ஃபெர்மினா தாஸாவைப் பார்த்து மயங்குகிறான். கடிதங்கள் பறக்கின்றன. தகப்பனுக்குத் தெரிகிறது. மகளை மறக்கச் செய்ய நெடுந்தூரப் பயணம் கூட்டிப்போகிறான். தந்தி ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றி, போகிற ஊர்களிலெல்லாம் செய்தி சேர்க்கிறார்கள். இந்தப் பகுதி மார்க்வெஸின் பெற்றோர் கதை. தந்தி ஊழியரான அவருடைய தந்தை காப்ரியேல் எலிஹியோவும் தாய் லூயிஸா சந்தியாகாவும் அப்படித்தான் காதலித்தார்கள். பெற்றோர் கல்யாணத்தில் முடித்தார்கள். நாவல் வேறு பக்கம் திரும்புகிறது. ஊர் திரும்பிய ஃபெர்மினா கடைவீதி நெரிசலில் அவனை அருகே பார்க்கிறாள். ஒரே நொடியில் எல்லாம் மாயை என்று புரிகிறது. கையை அசைத்து அவனைத் தன் வாழ்க்கையிலிருந்து விலக்கிவிடுகிறாள். பாரிஸில் படித்துவிட்டு வந்து ஊரில் காலராவை ஒடுக்கப் பாடுபடும் டாக்டர் ஹுவெனால் உர்பினோவை மணக்கிறாள்.

உர்பினோ தம் 81ஆவது வயதில், மாமரத்தில் ஏறிக்கொண்ட கிளியைப் பிடிக்க ஏணி வைத்து, தவறி விழுந்து சாகிறார். எழவு வீட்டுக் கூட்டம் கலைந்த இரவில், 76 வயது ஃப்ளொரென்டினோ 72 வயது விதவையின் முன் நின்று, 51 ஆண்டு, 9 மாதம், 4 நாள் காத்திருந்ததைச் சொல்லித் தன் காதலை மீண்டும் அறிவிக்கிறார். அவள் அவரை வெளியே துரத்துகிறாள். இத்தனையும் முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்ச நாவல் பின்னே போய்த் திரும்பி வருகிறது.

சோப்பு

இறந்தவரை மார்க்வெஸ் எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். உர்பினோ கெட்டவர் இல்லை, பெரிய உத்தமரும் இல்லை. ஊரே மதிக்கும் வைத்தியர், கொஞ்சம் பந்தா, சாவுபயம், வீட்டு வேலையில் ஒரு துரும்பையும் அசைக்காத ஆண்பிள்ளை. நடுவில் பார்பரா லிஞ்ச் என்ற பெண்ணோடு ஒரு தொடர்பு. கழற்றிப்போட்ட துணியை முகர்ந்தே ஃபெர்மினா அதைக் கண்டுபிடிக்கிறாள், ஊரை விட்டு ஒன்றுவிட்ட சகோதரியின் பண்ணைக்குப் போய்விடுகிறாள். பிறகு அவரே போய் அழைத்துவருகிறார்.

இந்தத் தாம்பத்தியத்தைக் காட்ட நாவலாசிரியர் பெரிதாக எதையும் எடுக்கவில்லை, ஒரு சோப்புக் கட்டியை எடுக்கிறார். குளியலறையில் சோப்பு தீர்ந்து போயிருக்கிறது. மாற்றி வைப்பது மனைவியின் வேலை. அவள் மறந்துவிட்டாள். கணவர் ஏறக்குறைய ஒரு வாரமாகச் சோப்பில்லாமல் குளிப்பதாகக் குறைசொல்கிறார். உண்மையில் மூன்று நாள்தான். அவளுக்கும் தவறு தன்னுடையது என்று தெரியும். ஆனால் அவர் நாளைக் கூட்டிச் சொன்ன கோபத்தில், சோப்பு எப்போதும் அங்கேதான் இருந்தது என்று சாதிக்கிறாள். பழைய மனத்தாங்கல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. மாதக்கணக்கில் பேச்சு நின்றுபோகிறது. பேராயரிடம் பஞ்சாயத்துக்குப் போகலாம் என்கிற அளவுக்கு விஷயம் முற்றுகிறது. கடைசியில் ஒருநாள், பிரிவுக்கு முன் இருவரும் பகிர்ந்த பழைய கட்டிலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே தூங்கிவிட, அவள் எழுப்புகிறாள். இங்கேயே இருந்துவிடுகிறேன், சோப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார் மனிதர்.

இந்த இடத்தில் சிரிக்காதவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். உண்மை யார் பக்கம் என்ற வழக்கை அவர் தோற்கவில்லை. கட்டிலின் சுகத்துக்காக வழக்கை வாபஸ் வாங்கினார். ஐம்பதாண்டுத் தாம்பத்தியம் என்பது இப்படிக் கைவிடப்பட்ட வழக்குகளால் ஆனது என்று மார்க்வெஸ் காட்டுகிறார். இவரை இழந்தவள் எதை இழந்திருக்கிறாள் என்பது இப்போது நமக்குத் தெரியும். நாவலின் இரண்டாம் காதலுக்கு அடித்தளம் இங்கேதான் போடப்படுகிறது, ஃப்ளொரென்டினோவின் ஏக்கத்தில் இல்லை.

மாமரத்தை வெட்டிய பின்

துக்கத்தின் முதல் ஆண்டை எழுதியிருக்கும் விதம் தனியே பாடம் வைக்கத் தக்கது. ஃபெர்மினா கணவரை நினைவூட்டும் பொருள்களையெல்லாம் வீட்டை விட்டு ஒழிக்கிறாள், எரிக்கிறாள். அவர் விழுந்த மாமரத்தை வேரோடு வெட்டச் சொல்கிறாள். கிளியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகிறாள். வீடு துடைத்துவிட்டதுபோல் ஆகிறது. ஆனால் இரவில் படுக்கும்போது கட்டிலில் தன் பாதியில் மட்டும் படுக்கிறாள். மறுபாதி அப்படியே கிடக்கிறது. கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத காலில் வலி எடுக்குமே, அந்த மாதிரி அவரை உணர்கிறாள்.

பொருளை அப்புறப்படுத்தலாம், பழக்கத்தை அப்புறப்படுத்த முடியாது. அழுகையைவிடக் கடினமானது இதுதான். இதைச் சொல்ல மார்க்வெஸ் எந்த ஒப்பாரியும் வைக்கவில்லை. கட்டிலில் அவள் உடம்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறார்.

இதோடு சேர்த்து முதல் அத்தியாயத்தின் கடைசி வரிகளை நினைத்துப் பாருங்கள். கணவரை அடக்கம் செய்த இரவில் தூக்கத்திலேயே விம்மி அழுதவள், விழித்தபோது, செத்துப்போன கணவரைவிட அதிகமாக ஃப்ளொரென்டினோவைப் பற்றியே நினைத்திருந்ததை உணர்கிறாள். அது காதல் நினைவு இல்லை, ஆத்திரம்தான். ஆனாலும் முதல் இரவே இரண்டு ஆண்களும் ஒரே தூக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒருவரை வெளியேற்றிவிட்டுத்தான் இன்னொருவர் உள்ளே வர வேண்டும் என்று நாவல் எங்கேயும் கேட்கவில்லை. நாம் நிற்கும் இந்த அறக்கட்டளையின் நடைமுறையும் அதுதானே. நினைவின் பெயரால் போட்ட வைப்புத்தொகையைத் தொடாமல், அதிலிருந்து ஆண்டுதோறும் புதிதாக ஒன்று நடக்கிறது.

தட்டச்சுக் கடிதங்கள்

துரத்தப்பட்ட ஃப்ளொரென்டினோவுக்கு ஃபெர்மினாவிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. முழுக்க வசை. அதை ஒரு வாசலாக எடுத்துக்கொண்டு அவர் பதில் எழுத உட்காருகிறார்.

இவர் கடிதக் கலையில் கைதேர்ந்தவர் என்பதை மறக்க வேண்டாம். இளமையில், எழுதத் தெரியாதவர்களுக்குக் காதல் கடிதம் எழுதிக்கொடுத்தவர். ஒருமுறை ஒரு பையனும் ஒரு பெண்ணும், ஒருவருக்கொருவர் தெரியாமல், இருவருமே இவரிடம் வந்து எழுதி வாங்கிப் போனார்கள். தன் கடிதத்துக்குத் தானே பதில் எழுதி அந்தக் காதலைக் கல்யாணம் வரை கொண்டுபோய்விட்டு, அவர்களுடைய முதல் குழந்தைக்கு ஞானத்தகப்பனாகவும் ஆனார். அப்படிப்பட்டவர் 76 வயதில் தன் சரக்கு முழுவதையும் தூக்கிப்போடுகிறார். தட்டச்சு பழகுகிறார். தனிக் கடிதத்தைத் தட்டச்சில் அனுப்புவது அக்காலத்தில் மரியாதைக் குறைவு. அது தெரிந்தும் அப்படியே அனுப்புகிறார். வாசனை கிடையாது, வர்ணனை கிடையாது, பழைய காதலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆணும் பெண்ணும், முதுமை, சாவு ஆகியவற்றைப் பற்றிய யோசனைகள் மட்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதங்கள் போகின்றன. அவள் பதில் போடவில்லை. ஆனால் படிக்கிறாள். தன் துக்கத்தையும் தன் வயதையும் புரிந்துகொள்ள அவை உதவுகின்றன. கணவரின் முதலாண்டு நினைவுத் திருப்பலியில், கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் நடந்து வந்து அவருக்கு நன்றி சொல்கிறாள்.

ஐம்பத்தொரு வருஷத்துக் காத்திருப்பை எடுத்துச் சொன்ன இரவில் கதவு அறைந்து சாத்தப்பட்டது. அதைப் பற்றிப் பேசாமல் இருந்தபோதுதான் திறந்தது. பின்னால் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து போகும்போதும், அவர் பழைய கதையைத் தொட்டால் அவள் வெட்டிவிடுகிறாள். கணக்கு காட்டி வசூலிக்க வருகிறவனுக்கு அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை. புதிதாகப் பேச வருகிறவனோடு பேசத் தயார். நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்த எண் 53 ஆண்டு, 7 மாதம், 11 நாள் என்று வளர்ந்திருக்கிறது. முன்னதைக் கழித்தால் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அரை நூற்றாண்டு ஏக்கம் செய்யாததை அந்தச் சில மாதத்துப் பேச்சு செய்தது.

பிள்ளைகளின் கணக்கு

அடுத்த கணக்கு பிள்ளைகளுடையது. மகன் ஓரளவு அனுசரிக்கிறான். மகள் ஒஃபேலியாவுக்குத் தாங்க முடியவில்லை. தங்கள் வயதில் காதல் கேலிக்கூத்து, அம்மாவின் வயதில் அருவருப்பு என்பது அவள் கட்சி. ஃபெர்மினா மகளை வீட்டை விட்டே வெளியேறச் சொல்லிவிடுகிறாள். இளமையில் வயது போதாது என்று குறுக்கே நின்றார்கள், இப்போது வயது கூடிப்போயிற்று என்று நிற்கிறார்கள் என்பது அவள் ஆத்திரம்.

ஊர்ப் பத்திரிகை ஒன்று உர்பினோவுக்கும் ஃபெர்மினாவின் தோழிக்கும் தொடர்பு இருந்ததாக எழுதும்போது, அதைக் கண்டித்து எழுதுகிறவர் ஃப்ளொரென்டினோ. இறந்த கணவரின் மானத்துக்காகப் பின்னால் வந்தவர் பேனா எடுக்கிறார். இரு ஆண்களையும் எதிரெதிரே நிறுத்தும் சுலபமான வழி அங்கேயும் இருந்தது. நாவலாசிரியர் அதில் போகவில்லை.

மன்னிக்க முடியாதது

இந்த நாவலை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காத்திருந்த காலத்தில் ஃப்ளொரென்டினோவுக்கு 622 நீடித்த உறவுகள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் குறித்தும் வைத்திருக்கிறார். கடைசியாக வருகிறவள் அமெரிக்கா விக்குன்யா. 14 வயதுப் பள்ளிச் சிறுமி, உறவுக்காரப் பெண், இவருடைய பாதுகாப்பில் விடப்பட்டவள். அவளையும் இவர் விடவில்லை. ஃபெர்மினா விதவையானதும் அவளைக் கைகழுவுகிறார். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். கப்பலில் இருக்கும்போது தந்தி வருகிறது. கிழவர் அந்த நினைவை அமுக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார்.

இது குற்றம். அந்தக் காலம், அந்த ஊர் என்று சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் தம் நாயகன் மேல் காட்டும் கனிவில் இந்தச் சிறுமிக்குச் சேர வேண்டிய துக்கம் குறைந்துபோய்விட்டது என்றுகூட நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவளை நாவலிலிருந்து அவர் நீக்கிவிடவில்லை. காத்திருப்பைப் புனிதமாக்கிக் கொண்டாடுகிறவர்கள் கட்டாயம் தாண்டிப்போக வேண்டிய பிணம் அது. ஃபெர்மினாவின் துக்கத்தை அத்தனை நுணுக்கமாகச் சொன்ன அதே புத்தகத்தில், துக்கம் கொண்டாட ஆளில்லாமல் ஒரு சாவு கிடக்கிறது. இந்தக் காதலைப் போற்றும்போது அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆற்றில்

ஃப்ளொரென்டினோ இப்போது நதிக் கப்பல் கம்பெனியின் தலைவர். ஃபெர்மினாவை மக்தலேனா ஆற்றில் பயணம் அழைத்துப் போகிறார். கப்பலின் பெயர் 'புதிய விசுவாசம்'. ஆறு பழைய ஆறாக இல்லை. கொதிகலன்களுக்கு விறகாகிக் கரையோரக் காடு அழிந்திருக்கிறது. நீர்வாழ் விலங்குகள் வேட்டையில் தீர்ந்துவிட்டன. நாற்பது வருஷ ரகசியக் காதலர்களான கிழவனும் கிழவியும் படகுக்காரனால் அடித்துக் கொல்லப்பட்ட செய்தி ஃபெர்மினாவை உலுக்கியிருக்கிறது. உலகம் அழகாக இருப்பதால் வந்த காதல் இல்லை இது.

முதிய உடம்புகளை மார்க்வெஸ் மறைக்கவே இல்லை. பொய்ப்பல், சரிந்த தோள்பட்டை, தன் மேல் கிழவி வாடை அடிக்கிறது என்று அவளே சொல்லும் கூச்சம், முதல் நாள் முயற்சி தோற்பது, எல்லாம் அப்படியே வருகின்றன. உனக்காகவே கன்னி கழியாமல் இருந்தேன் என்று அவர் அளக்கிறார். அவள் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்ன தோரணை அவளுக்குப் பிடித்திருக்கிறது. இருபது வயதில் இந்தப் பொய் காதலை முறித்திருக்கும். எழுபதில் அவள் அதைத் துருவிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் வேறு பயணிகளை ஏற்றாமல் இருக்க, காலரா நோயாளி இருப்பதாகச் சொல்லும் மஞ்சள் கொடியைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் துறைமுகம் சேர்க்க மறுக்கிறது. மேலும் கீழுமாக ஆற்றிலேயே போய்க்கொண்டிருப்போம் என்கிறார் ஃப்ளொரென்டினோ. எத்தனை காலத்துக்கு என்று கப்பல் தலைவன் கேட்கிறான். கதைசொல்லி அந்த இடத்திலும் ஆண்டு, மாதம், நாள் கூட்டித் தருகிறார். ஆனால் நாள் எண்ணியே வாழ்ந்த மனிதரின் பதிலில் எண் கிடையாது, வாழ்நாள் முழுதும் என்பதுதான் பதில். உர்பினோ சோப்பில் வழக்கைக் கைவிட்டார், இவர் கப்பலில் கணக்கைக் கைவிடுகிறார்.

நம் பக்கம்

கணக்கு என்று நான் சொல்வது மனக்கணக்கை மட்டும் இல்லை. 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்தை நாம் சீர்திருத்தச் சாதனையாகப் படிக்கிறோம். சாதனைதான். ஆனால் அதன் இரண்டாம் பிரிவின்படி, மறுமணம் செய்துகொள்ளும் விதவைக்கு முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை, அவள் அப்போதே செத்துப்போனதாகக் கருதி முடிக்கப்பட்டது. மறுபடி வாழப் புறப்பட்டவளைச் சட்டம் செத்தவள் கணக்கில் எழுதியது. அந்தச் சட்டம் 1983இல்தான் நீக்கப்பட்டது. இன்றும் மத்திய அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம், விதவை மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். பிள்ளையில்லாத விதவைக்கு மட்டும் வருமான வரம்புக்கு உட்பட்டுத் தொடரும். அறுபது வயதில் ஒருவரைப் பிடித்துப்போன பெண், மனதைக் கேட்பதற்கு முன் வங்கிப் புத்தகத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு யார் பெயரில், நகை யாருக்கு, பேரன் கல்யாணப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். காதல் நாவலுக்கு இதைவிட நல்ல கச்சாப்பொருள் வேறென்ன வேண்டும்?

மாதவையாவும் பாரதியும் தங்கள் காலத்து அவசரத்தைச் செய்து முடித்தார்கள். மறுமணம் உரிமை என்பதை நிறுவினார்கள். அந்த உரிமை கிடைத்த பிறகு மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது அடுத்து வருகிறவர்களின் வேலை. இந்த அரங்கில் எழுதும் ஆசையுள்ள மாணவர்கள் சிலர் இருப்பீர்கள். அந்த நாவலை எழுதுகிறவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இறந்தவரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் மேல் அவளுக்குப் பிரியம் குறையாமலே இருக்கட்டும். எழுதுவது கடினமாகத்தான் இருக்கும். அந்தக் கடினத்தைத் தாண்டி அவள் இன்னொருவர் கையைப் பிடிக்கும்போது வாசகர் அவளை நம்புவார்.